வீடியோ கேமராவுக்கு எந்த மெமரி கார்டு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவையும் லென்ஸையும் மாதக்கணக்கில் அலசி ஆராய்ந்து வாங்குபவர்கள்கூட, மெமரி கார்டு என்று வரும்போது கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எடுத்த காட்சி முழுவதும் போய்த் தங்குகிற இடம் அந்தக் கார்டுதான். அது பாதியில் நின்றால் எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தும் பயனில்லை. கார்டு வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

கார்டின் மேல் ஏகப்பட்ட குறியீடுகள் இருக்கின்றன. வீடியோவுக்கு எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் '200 எம்பி' என்று ஒரு வேகம் இருக்கும். '64 ஜிபி' என்று கொள்ளளவு இருக்கும். எஸ்டிஎக்ஸ்சி என்ற வகைப்பெயர், அதன் பக்கத்தில் ரோமன் எண்ணில் ஒன்று அல்லது இரண்டு. சி என்ற ஆங்கில எழுத்துக்குள் 10, யு என்ற எழுத்துக்குள் 1 அல்லது 3. இவற்றோடு வி என்ற எழுத்தும் அதை ஒட்டி 30, 60, 90 என்று ஓர் எண்ணும் இருக்கும்.

வீடியோ எடுப்பவர் முதலில் தேட வேண்டியது இந்த வி எண்ணைத்தான். வி30 என்றால் வினாடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்று உறுதி. வி60 என்றால் 60, வி90 என்றால் 90. வி6, வி10 என்றும் உண்டு. யு3 என்பதும் 30 எம்பி உறுதிதான். யு1, சி10 இரண்டும் 10 எம்பி. வி குறியீடு 2016இல் வந்தது. அதற்கு முந்தைய கார்டுகளில் யு, சி மட்டும்தான் இருக்கும்.

அப்படியானால் பெரிதாக அச்சிட்டிருக்கும் 200 எம்பி எதற்கு?

அது பெரும்பாலும் படிக்கும் வேகம். அதாவது எடுத்த வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது கிடைக்கக்கூடிய அதிகபட்ச வேகம். எழுதும் வேகம் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதுவும் 'இவ்வளவு வரை' என்று உச்சத்தைத்தான் சொல்லும்.

வீடியோவுக்கு உச்ச வேகத்தால் பெரிய பயன் இல்லை. புகைப்படம் எடுக்கும்போது கார்டு கொஞ்சம் தடுமாறினால் கேமரா அடுத்த படத்துக்குச் சற்றுக் காத்திருக்கும், அவ்வளவுதான். வீடியோ அப்படிக் காத்திருக்காது. வினாடிக்கு 25, 30, 60 ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், வந்துகொண்டே இருக்கும், அத்தனையும் இடைவிடாமல் எழுதப்பட வேண்டும். அதனால் நாம் கேட்க வேண்டியது 'எவ்வளவு வேகமாகப் போகும்' என்பதை அல்ல, 'எதற்குக் கீழே இறங்காது' என்பதை. அந்த அடிமட்ட வேகத்தைச் சொல்பவை வி, யு, சி எண்கள்தான், பெரிதாக அச்சிட்ட எண் அல்ல.

என் கேமராவுக்கு எந்த வி எண் வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேமராவின் ரெக்கார்டிங் மெனுவைத் திறங்கள். 4கே (படத்தின் அளவு), 25பி (வினாடிக்கு 25 ஃபிரேம்) போன்றவற்றுக்குப் பக்கத்தில் 50எம், 100எம், 200எம் என்று ஓர் எண் இருக்கும். அது பிட்ரேட், அதாவது ஒரு வினாடி வீடியோவுக்கு எத்தனை மெகாபிட் தகவல் உண்டாகிறது என்ற கணக்கு. கார்டின் வேகமோ மெகாபைட்டில் சொல்லப்படுகிறது. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே மெனுவில் உள்ள எண்ணை 8ஆல் வகுத்தால் போதும்.

100 மெகாபிட் என்றால் வினாடிக்கு 12.5 எம்பி. வி10 போதாது, வி30 தாராளம். 200 என்றால் 25 எம்பி. இதற்கும் வி30 போதும். 400 என்றால் 50 எம்பி, வி60 வேண்டும். 600 என்றால் 75 எம்பி, வி90தான். இந்தக் கணக்கைச் செய்து பார்த்தால், 4கே எடுக்கும் பலருக்கும் வி30 கார்டே போதுமானது என்று தெரியவரும். வி90க்குச் செலவழிக்கும் பணத்தில் இரண்டு மூன்று நல்ல வி30 கார்டுகள் வாங்கிவிடலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். '4கே எடுக்க எந்தக் கார்டு?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஒரு கேமராவின் 4கே 60 மெகாபிட்டில் முடிந்துவிடும், இன்னொன்றின் 4கே 400ஐத் தொடும். மெனுவில் 'ஆல் இன்ட்ரா' என்று இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி முழுப்படமாகச் சேமிக்கப்படும், தகவல் மலைபோல் குவியும். மற்ற முறையில் சில ஃபிரேம்கள் மட்டும் முழுதாகவும், இடையில் உள்ளவற்றில் மாறிய பகுதி மட்டும் பதிவாவதாலும் பிட்ரேட் வெகுவாகக் குறைகிறது. ஸ்லோ மோஷனுக்கும் தனியாகக் கணக்குப் போடுங்கள். 25 ஃபிரேமுக்குப் போதுமான கார்டு 120 ஃபிரேமுக்குப் போதாமல் போகலாம்.

கேமராவின் கையேட்டில் எந்த முறைக்கு எந்தக் கார்டு என்று ஓர் அட்டவணையும் இருக்கும். உங்கள் கணக்கும் அதுவும் மாறுபட்டால் கையேட்டையே நம்புங்கள். சில கேமராக்கள், தேவையான குறியீடு இல்லாத கார்டைப் போட்டால் அந்த முறையில் ரெக்கார்டிங் தொடங்கவே விடாது.

வேகம் குறைந்த கார்டைப் போட்டால் என்ன ஆகும்? வீடியோ மங்கலாகுமா?

தரம் குறையாது. ரெக்கார்டிங் நின்றுவிடும். கேமராவுக்குள் பஃபர் என்று ஒரு சிறிய இடைக்கால நினைவகம் இருக்கிறது. கார்டு எழுதி முடிக்கும் வரை வரும் தகவல் அங்கே தேங்கும். கார்டு மெதுவாக இருந்தால் பஃபர் நிரம்பி, திரையில் ஒரு செய்தி காட்டிவிட்டுக் கேமரா தானாகவே பதிவை நிறுத்திக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால், இது எப்போதும் நடக்காது. கேமராவை வெள்ளைச் சுவரைப் பார்த்து வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டால் ஒரு குறையும் தெரியாது. ஏனென்றால் பல கேமராக்களில் பிட்ரேட் காட்சிக்கு ஏற்றபடி ஏறி இறங்கும். வெறும் சுவரில் பதிய வேண்டிய நுணுக்கம் ஏதும் இல்லை. அதே கார்டோடு வெளியே போய், காற்றில் அசையும் இலைகளையோ அலை புரளும் தண்ணீரையோ எடுத்தால் பிட்ரேட் எகிறும், இருபதாவது வினாடியில் ரெக்கார்டிங் நின்றுபோகலாம். எனவே புதுக் கார்டைச் சோதிக்க ஒரு மரத்தடிக்குப் போங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் முறைகளிலேயே அதிக பிட்ரேட் உள்ளதைத் தேர்ந்தெடுத்து, கிளைகளை நோக்கிக் கேமராவை நகர்த்திக்கொண்டே கார்டு நிறையும் வரை எடுங்கள். இதில் தேறிய கார்டை நம்பி வேலைக்குக் கொண்டுபோகலாம்.

ரோமன் எண்ணில் ஒன்று, இரண்டு என்று இருப்பது என்ன?

அது கார்டும் கேமராவும் பேசிக்கொள்ளும் பாதை. யுஎச்எஸ்-1 பாதையில் வினாடிக்கு 104 எம்பி வரை போகும், யுஎச்எஸ்-2 பாதையில் 312 எம்பி வரை. கார்டைத் திருப்பிப் பாருங்கள். தங்க நிறத் தகடுகள் ஒரே வரிசையில் இருந்தால் யுஎச்எஸ்-1. அதற்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தால் யுஎச்எஸ்-2.

யுஎச்எஸ்-2 கார்டைப் பழைய கேமராவில் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் இரண்டாம் வரிசையைத் தொடுவதற்கான முனைகள் கேமராவில் இல்லாததால் பழைய வேகம்தான் கிடைக்கும். அப்போது வி60, வி90 என்ற உறுதியையும் அந்தக் கார்டிடம் எதிர்பார்க்க முடியாது. வாங்கும் முன் உங்கள் கேமராவின் ஸ்லாட் எந்த வகை என்று பாருங்கள். இரண்டு ஸ்லாட் உள்ள சில கேமராக்களில் ஒன்று மட்டுமே யுஎச்எஸ்-2 ஆக இருக்கும், இதையும் மறக்காமல் பார்த்துவிடுங்கள்.

யுஎச்எஸ்-1இன் எல்லை 104 எம்பி என்கிறீர்கள். பிறகு எப்படி 170, 200 என்று போடுகிறார்கள்?

தயாரிப்பாளர்கள் தரநிலைக்கு அப்பால் தாங்களாகச் சேர்த்த ஒரு வழியில் அந்த வேகம் வருகிறது. அதற்கு ஏற்ற கார்டு ரீடர் இருந்தால் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது பலன் உண்டு. கேமராவுக்குள் வீடியோ பதிவாகும்போது அந்த எண்ணுக்கு வேலையில்லை.

எஸ்டிஎச்சி, எஸ்டிஎக்ஸ்சி: என்ன வேறுபாடு?

கொள்ளளவும் ஃபைல் முறையும். 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேல் 2 டிபி வரை எஸ்டிஎக்ஸ்சி. பழைய கேம்கார்டர் எஸ்டிஎச்சி வரை மட்டுமே ஏற்கும் என்றால் அதற்கு 64 ஜிபி கார்டு வாங்காதீர்கள், 32தான் உச்சம்.

எஸ்டிஎச்சி கார்டுகள் ஃபேட்32 முறையில் இயங்குகின்றன. அதில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஒரு மணி நேர நிகழ்ச்சியை நிறுத்தாமல் எடுத்தாலும் அது நான்கைந்து துண்டுகளாக வந்து நிற்பது இதனால்தான். எஸ்டிஎக்ஸ்சி கார்டுகளின் எக்ஸ்ஃபேட் முறையில் இந்தத் தடை இல்லை, என்றாலும் சில கேமராக்கள் அதிலும் துண்டாக்கவே செய்யும். துண்டுகளைக் கண்டு பதற வேண்டாம், எடிட்டிங்கில் அடுத்தடுத்து வைத்தால் சேர்ந்துவிடும். ஏவிசிஎச்டி முறையில் பதியும் கேம்கார்டர் என்றால் மட்டும், கிளிப்புகளைத் தனியாகப் பொறுக்கி எடுக்காமல் கார்டில் உள்ள ஃபோல்டர் முழுவதையும் அப்படியே நகலெடுங்கள். துண்டுகளை இணைக்கும் தகவல் பக்கத்து ஃபைல்களில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இணைப்பு விழும் இடத்தில் ஒலி ஒரு கணம் அறுபடலாம்.

எத்தனை ஜிபி வாங்கலாம்?

இதற்கும் பிட்ரேட்தான் கணக்கு. 64 ஜிபி கார்டில் 100 மெகாபிட் வீடியோ சுமார் 85 நிமிடம் பிடிக்கும். 50 மெகாபிட் என்றால் இரட்டிப்பு, 200 என்றால் பாதி. 128 ஜிபி பெரிதாகத் தோன்றும், ஆனால் 400 மெகாபிட்டில் எடுத்தால் 42 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இவையெல்லாம் வாய்ப்பாட்டுக் கணக்கு. நடைமுறையில் சில நிமிடங்கள் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

64 ஜிபி கார்டை விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டால் 59.6 ஜிபி என்றுதான் காட்டும். ஏமாற்று வேலை இல்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1024இன் மடங்கில் எண்ணுகிறது.

ஒரே பெரிய கார்டா, இரண்டு மூன்று சிறிய கார்டுகளா?

சிறியவைதான் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு 256 ஜிபி கார்டு கெட்டுப்போனால் அன்றைய உழைப்பு முழுவதும் போகும். இரண்டு 128 இருந்தால் பாதியாவது மிஞ்சும். முதல் கார்டு நிரம்பியதும் அதைக் கழற்றி நகலெடுக்கத் தொடங்கிவிடலாம், படப்பிடிப்பு அதுபாட்டுக்கு நடக்கும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. நடனம், கச்சேரி, நீண்ட உரை என்று இடையில் நிறுத்தவே முடியாத நிகழ்ச்சி என்றால், கார்டு மாற்றும் அரை நிமிடத்தில் முக்கியமான கட்டம் கடந்துபோகும். இரண்டு ஸ்லாட் உள்ள கேமரா என்றால் ரிலே முறையில் வையுங்கள். ஒன்று நிறைந்ததும் மற்றொன்றில் தானே தொடரும். அல்லது இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே காட்சியைப் பதியவிடலாம். திரும்ப நடக்காத நிகழ்ச்சிக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன், கார்டுச் செலவு இரட்டிப்பானாலும் சரி. ஒரே ஸ்லாட்தான் இருக்கிறது, நிகழ்ச்சி மூன்று மணி நேரம் என்றால் பெரிய கார்டைத் தவிர வழியில்லை. அப்போது கார்டின் தரத்தில் சமரசம் வேண்டாம்.

மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரில் வைத்துப் பயன்படுத்தலாமா?

அவசரத்துக்குச் சரி. தொடர்ந்து வேண்டாம். கார்டுக்கும் கேமராவுக்கும் இடையில் இன்னொரு தொடுமுனை வரிசை கூடுகிறது. அது தளர்ந்தாலோ தூசி படிந்தாலோ பதிவு அறுந்துவிடும். யுஎச்எஸ்-2 மைக்ரோ கார்டைச் சாதாரண அடாப்டரில் வைத்தால் அந்த வேகமும் கிடைக்காது.

ஏ1, ஏ2 குறியீடு?

ஃபோனில் செயலிகளைக் கார்டிலேயே வைத்து இயக்குவதற்கானது. வீடியோவுக்கு இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

என் கேமராவில் எஸ்டி அல்ல, சிஎஃப்எக்ஸ்பிரஸ் என்று போட்டிருக்கிறதே?

கம்ப்யூட்டரில் இருக்கும் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தின் தொழில்நுட்பத்தைக் கார்டு வடிவத்துக்குச் சுருக்கியது அது. ஏ வகை சிறியது, பி வகை பெரியது, ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது போகாது. இரண்டாம் பதிப்புத் தரநிலையின்படி ஏ வகையின் பாதை வினாடிக்கு 1000 எம்பி, பி வகை 2000 எம்பி. ரா வீடியோ (கேமராவின் சென்சார் தரும் தகவலை அதிகம் பதப்படுத்தாமல் பதிவது), 8கே போன்றவற்றுக்கு இந்த அளவு தேவைப்படுகிறது. இங்கேயும் பெட்டியில் இருக்கும் 1700, 1800 என்பது உச்சம்தான். விபிஜி 200, விபிஜி 400 என்று ஒரு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் இந்தக் கார்டுகளில் குறைந்தபட்ச எழுதும் வேகத்துக்கான உறுதி. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் 'சிஎஃப் கார்டு' என்றே சொல்கிறார்கள். ஆனால் பழைய காம்பாக்ட்ஃபிளாஷ், சிஃபாஸ்ட், சிஎஃப்எக்ஸ்பிரஸ் மூன்றும் மூன்று வேறு கார்டுகள், ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது.

வாங்கிய கார்டு போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டியையும் அச்சையும் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. நகல் எடுப்பவர்கள் அவற்றை அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். உள்ளே நடக்கும் ஏமாற்று இது: 16 அல்லது 32 ஜிபி மட்டுமே உள்ள கார்டின் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றி, '256 ஜிபி இருக்கிறது' என்று பொய் சொல்ல வைத்துவிடுவார்கள். கேமராவும் நம்பும், கம்ப்யூட்டரும் நம்பும். உண்மையான கொள்ளளவு தீரும் வரை எல்லாம் சரியாகவே போகும். அதன் பிறகு எழுதுவது எங்கும் பதியாமல் போகும், அல்லது முன்பு எடுத்ததன் மேலேயே விழும். ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால்தான் ஒன்றும் இருக்காது.

இதைப் பிடிக்க ஒரே வழி, கார்டை முழுக்க நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்யும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கினால் இந்த அபாயம் பெருமளவு குறையும். சந்தை விலையைவிடப் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் ஒதுங்கிவிடுவதே நல்லது.

கார்டைக் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்யலாமா?

கேமராவிலேயே செய்யுங்கள், அதுவும் எந்தக் கேமராவில் எடுக்கப்போகிறீர்களோ அதிலேயே. தனக்கு வேண்டிய ஃபோல்டர்களையும் அமைப்பையும் அது உருவாக்கிக்கொள்ளும். கேமரா ஏற்க மறுக்கும் கார்டு என்றால், எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ஃபார்மேட்டரைக் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டிவிட்டு, பிறகு கேமராவில் ஃபார்மேட் செய்து பாருங்கள்.

கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழித்து அழித்து இடம் உண்டாக்கும் பழக்கம் வேண்டாம். காலியிடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி, எழுதும் வேகம் விழும். இரண்டு இடங்களில் நகலெடுத்து, நகல்கள் திறக்கின்றனவா என்றும் பார்த்த பிறகு மொத்தமாக ஃபார்மேட் செய்வதே சரி.

தவறி அழித்துவிட்டேன் அல்லது ஃபார்மேட் செய்துவிட்டேன். மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஒரு நிபந்தனையோடு: அதன் பிறகு அந்தக் கார்டில் ஒரு வினாடிகூட எதையும் பதியக் கூடாது. உடனே கழற்றுங்கள், பக்கவாட்டில் உள்ள பூட்டுப் பொத்தானைத் தள்ளிவிடுங்கள். சாதாரண ஃபார்மேட்டில் ஃபைல்களின் பட்டியல்தான் அழிகிறது, தகவல் அங்கேயே இருக்கிறது. ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் அதைத் தேடி எடுக்கும். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிரைவில் சேமியுங்கள். கேமரா மெனுவில் 'லோ லெவல் ஃபார்மேட்' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் வாய்ப்பு மிகவும் குறைவு.

பதிவின் நடுவில் பேட்டரி தீர்ந்து, ஃபைல் திறக்க மறுத்தால் அது வேறு கதை. எம்பி4 போன்ற ஃபைல்களில், எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பல கேமராக்களில் பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. அது எழுதப்படாமல் போனதுதான் கோளாறு. கார்டை அப்படியே அதே கேமராவில் போட்டு மீண்டும் இயக்குங்கள். சில கேமராக்கள் 'சரிசெய்யவா?' என்று தாமே கேட்கும். கேட்டால் சரி என்று சொல்லுங்கள். அதற்கு முன் ஃபார்மேட் பக்கமே போகாதீர்கள்.

வண்டியில் வைக்கும் டேஷ்கேம், கண்காணிப்புக் கேமரா இவற்றுக்கும் இதே கார்டா?

இல்லை. அவை இரவு பகலாக எழுதிக்கொண்டே இருப்பவை, நிரம்பியதும் பழையதன் மேல் மீண்டும் எழுதும். ஃபிளாஷ் நினைவகத்தின் ஒவ்வொரு செல்லையும் குறிப்பிட்ட தடவைதான் அழித்து எழுத முடியும். ஒரே செல்லில் மூன்று, நான்கு பிட் என்று திணிக்கும் கார்டுகளில் அந்த எண்ணிக்கை இன்னும் குறைவு. 'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்ட கார்டுகள் இதற்கென்றே வருகின்றன. அவற்றில் எத்தனை மணி நேரப் பதிவு தாங்கும் என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். இங்கே வேகம் முக்கியமில்லை, உழைப்புதான் முக்கியம்.

எடுத்த வீடியோவைக் கார்டிலேயே வருடக்கணக்கில் வைத்திருக்கலாமா?

வேண்டாம். மின்னூட்டமாகச் சேமிக்கப்பட்ட தகவல், கார்டு சும்மா கிடந்தாலும் மெல்லக் கசியும். வெப்பமான இடத்தில் இன்னும் வேகமாக. ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, இன்னொரு பிரதியை வேறொரு கட்டடத்தில் வையுங்கள்.

கார்டு ரீடருக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டுமா?

செய்யுங்கள். பழைய யுஎஸ்பி 2.0 ரீடரில் வினாடிக்கு 35 எம்பி அளவில்தான் நகரும், 128 ஜிபி மாற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும். யுஎச்எஸ்-2 கார்டும் அதற்கேற்ற யுஎஸ்பி 3 ரீடரும் இருந்தால் அதே வேலை பத்து நிமிடத்துக்குள் முடியலாம்.

ஒரு கார்டை எப்போது ஓய்வுக்கு அனுப்புவது?

நகலெடுக்கும்போது ஒரே ஒரு ஃபைல் காரணமில்லாமல் படிக்க முடியாமல் போனாலும், முன்பு ஓடிய முறையிலேயே ரெக்கார்டிங் நடுவில் நின்றாலும், கேமரா 'கார்டைப் பார்க்கவும்' என்று இரண்டாவது முறை சொன்னாலும் அதை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். தகடுகளுக்கு இடையே இருக்கும் பிளாஸ்டிக் வரம்புகள் உடைந்திருக்கின்றனவா, பூட்டுப் பொத்தான் தளர்ந்து தானாக இறங்குகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள். உடைந்த துணுக்கு ஸ்லாட்டுக்குள் சிக்கினால் கேமராவையே பிரிக்க வேண்டி வரும். ஒவ்வொரு கார்டிலும் வாங்கிய மாதத்தையும் ஒரு வரிசை எண்ணையும் அழியாத மையால் எழுதிவைத்தால், எது மக்கர் செய்தது என்ற குழப்பம் வராது. சந்தேகப்பட்ட கார்டில் பெருக்கல் குறி போட்டு, கேமரா பையிலிருந்தே வெளியேற்றிவிடுங்கள். அவசரத்தில் கை போகிற இடத்தில் அது இருக்கக் கூடாது.